டிப்பர் தொட்டி அலாரம்: போர்டைக் கழற்றிவிட்டு ஒரே ரிலேயில் முடிப்பது எப்படி

போன ஐப்பசியில், மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், வள்ளியூர் பக்கத்துக் கிரஷரில் ஓடும் டிப்பர் ஒன்று திருநெல்வேலி பேட்டையில் என் கடை வாசலில் வந்து நின்றது. தொட்டி கீழேதான் இருக்கிறது, ஆனால் கேபினுக்குள் பஸ்ஸர் கத்திக்கொண்டே இருக்கிறது. "தம்பி, வள்ளியூர்ல ஏறுனதுல இருந்து இந்தச் சவம் கூவிக்கிட்டே வருது, காது போச்சு. வயர அத்து விட்டுரு" என்றார் ஓட்டி வந்த அண்ணாச்சி.

அத்துவிட ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அந்தப் பஸ்ஸர் சும்மா வைத்ததில்லை. லோடு தட்டிவிட்டு, தொட்டியை இறக்க மறந்து வண்டியை நகர்த்தினால் மேலே போகிற கரண்ட் கம்பியிலோ பாலத்திலோ போய் மாட்டும், அப்புறம் ஆள் பிழைப்பது அதிர்ஷ்டம். அதனால் "அண்ணாச்சி, அரை நாள் குடுங்க" என்று சொல்லி டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே ஒரு 7812 (வோல்ட்டேஜை 12 ஆக்குகிற ரெகுலேட்டர்), அதற்குப் பின்னால் ஒரு 7805 (அதை 5 ஆக்குவது), ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, 5 வோல்ட் ரிலே (காயிலுக்குக் கரண்ட் கொடுத்தால் மாறுகிற ஸ்விட்ச்) மாட்யூல் இரண்டு, கூடவே நாலைந்து டிரான்சிஸ்டர். இத்தனையும் சொல்ல வேண்டிய சேதி ஒன்றே ஒன்றுதான்: "ஒரு ஸ்விட்ச் திறந்திருக்கிறது." அவ்வளவுக்கும் இத்தனை பேர் எதற்கு?

இந்த மாதிரி போர்டு ஏன் சாகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் எதைக் கழற்றுகிறோம் என்று தெரியாமல் கழற்றக் கூடாது. 24 வோல்ட் லாரி என்று சொன்னாலும் இன்ஜின் ஓடும்போது லைனில் இருப்பது 27, 28 வோல்ட். அதை 7812 வழியாக 12 ஆக்கினால் மிச்சம் 16 வோல்ட்டும் சூடாகத்தான் போகும், 0.3 ஆம்பியர் இழுத்தாலே 16 பெருக்கல் 0.3, கிட்டத்தட்ட 5 வாட், ஹீட்சிங்க் இல்லாமல் மூடிய பெட்டிக்குள். அதோடு 7812 தாங்குவது 35 வோல்ட் வரைதான். ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணிக்கொண்டிருக்கும்போது பேட்டரி லக் லூசாகி ஒரு நொடி விட்டுப் போனால், ஆல்டர்னேட்டருக்குள்ளேயே தடுப்பு இல்லாத 24 வோல்ட் வண்டியில், லைனில் ஏறுகிற வோல்ட்டேஜ் நூறைத் தாண்டும். 7812 செத்தால் அதற்குப் பின்னால் இருப்பதும் சேர்ந்து சாகும். இந்த வண்டியில் நடந்தது அதேதான்: ரெகுலேட்டர் போய், போர்டு போய், ரிலே எந்த நிலையில் விட்டதோ அந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, கத்துகிற நிலையில் ஒட்டியது. கத்தாத நிலையில் ஒட்டியிருந்தால் அண்ணாச்சி கடைக்கே வந்திருக்க மாட்டார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றே ஓட்டிக்கொண்டிருப்பார்.

நான் எந்த ஸ்விட்சிங் வேலை எடுத்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்: வயர் அறுந்தால் என்ன ஆகும், வயர் உரசி பாடியில் பட்டால் என்ன ஆகும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி பாகம் தானாகவே தேவையில்லாமல் போய்விடும்.

ரிலேயே போதும், அதுவும் அஞ்சு பின் ரிலே

தேவையானவை: 24 வோல்ட் காயில் உள்ள அஞ்சு பின் ரிலே ஒன்று, 1என்4007 டயோடு (கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடுவது) இரண்டு, 24 வோல்ட் இண்டிகேட்டர் விளக்கு பச்சை ஒன்று சிவப்பு ஒன்று, 12-24 என்று போட்ட சின்ன வண்டிப் பஸ்ஸர் ஒன்று, 2 ஆம்பியர் பியூஸ் ஹோல்டரோடு, தொட்டிக்கு அடியில் ஒரு லிமிட் ஸ்விட்ச். ரெகுலேட்டர் கிடையாது, வண்டி வோல்ட்டேஜிலேயே வேலை செய்கிற பஸ்ஸரும் விளக்கும் ஜங்ஷன் பக்கத்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும்போது, வோல்ட்டேஜைக் குறைத்து எதற்கு அவதிப்பட வேண்டும்?

ரிலேயில் 85, 86 காயில். 30 பொது. காயிலுக்குக் கரண்ட் போனால் 30 போய் 87-ஐத் தொடும், போகாவிட்டால் 87ஏ-யைத் தொட்டுக்கொண்டிருக்கும். இந்த 87ஏ-யைப் பலபேர் டேப் சுற்றி ஓரமாக விட்டுவிடுவார்கள். நமக்கு அதுதான் முக்கியம்.

யோசனை இதுதான். தொட்டி கீழே உட்கார்ந்திருக்கும்போது லிமிட் ஸ்விட்ச் அமுங்கி, காயிலுக்குக் கரண்ட் போய், ரிலே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டி தூக்கினால் ரிலே விட்டுவிடும், 87ஏ-யில் உள்ள சிவப்பும் பஸ்ஸரும் வேலை செய்யும். அதாவது "எல்லாம் சரி" என்று சொல்லத்தான் கரண்ட் வேண்டும், "ஆபத்து" என்று சொல்லக் கரண்ட் தேவையில்லை. வயர் அறுந்தாலும், காயில் எரிந்தாலும், ஸ்விட்சின் ரோலர் உடைந்தாலும் சிவப்புதான் எரியும். நாள் முழுக்க காயில் 80, 90 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டிருக்குமே என்று கேட்பார்கள். இழுக்கட்டும், இக்னிஷன் ஆனில் இருக்கும்போதுதானே. ரிலேயில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

இப்போது லிமிட் ஸ்விட்சைப் பிளஸ் பக்கம் போடுவதா, எர்த் (வண்டி பாடி, அதாவது மைனஸ்) பக்கம் போடுவதா? நம்ம ஊர்ப் பழக்கம் எர்த் பக்கம். ஒரு வயரை மட்டும் இழுத்து ஸ்விட்சில் கொடுத்து, இன்னொரு முனையைச் சேஸிஸிலேயே போல்ட் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இங்கே அப்படிச் செய்யாதீர்கள். டிப்பர் சேஸிஸில் ஓடுகிற வயர் ஒருநாள் இல்லை ஒருநாள் உரசும், இன்சுலேஷன் தேய்ந்து பாடியில் படும். எர்த் பக்கம் ஸ்விட்ச் போட்டிருந்தால், பாடியில் பட்ட வயரும் மூடிய ஸ்விட்சும் ரிலேக்கு ஒன்றுதான்: தொட்டி வானத்தில் நிற்கும், பச்சை எரிந்துகொண்டிருக்கும். இதைவிட மோசமான நிலை வேறு இல்லை. பிளஸ் பக்கம் போட்டால், பியூஸிலிருந்து ஸ்விட்சுக்கு ஒரு வயர், ஸ்விட்சிலிருந்து 86-க்கு ஒரு வயர் என்று இரண்டு இழுக்க வேண்டும், உண்மைதான். ஆனால் எது உரசினாலும் ஒன்று பியூஸ் போகும், இல்லை காயில் விடும். இரண்டுமே நமக்குச் சொல்லிவிடும். சர்க்யூட்டைச் சுருக்குகிறேன் என்று இந்த இரண்டாவது வயரை மிச்சம் பிடிக்கக் கூடாது.

வயரிங்

இக்னிஷன் லைனிலிருந்து பியூஸ். பியூஸுக்கு அடுத்து மூன்றாகப் பிரியும்: ஒன்று லிமிட் ஸ்விட்சுக்குப் போய் 86-க்குத் திரும்பும், ஒன்று பச்சை விளக்கின் பிளஸ், ஒன்று சிவப்பு விளக்கின் பிளஸ். 85-ஐ எர்த்தில் கொடுங்கள். 30-ஐயும் எர்த்தில் கொடுங்கள். ஆமாம், 30 என்றாலே பேட்டரி பிளஸ் என்று கை பழகியிருக்கும், ஆனால் அது வெறும் பொதுமுனை, எர்த்தும் கொடுக்கலாம், ஏன் கொடுக்கிறோம் என்று கீழே வருகிறது. பச்சையின் மைனஸ் 87-க்கு. சிவப்பின் மைனஸ் 87ஏ-க்கு. ஒரு டயோடை 85, 86 குறுக்கே, வெள்ளைக் கோடு 86 பக்கம் இருக்கும்படி போடுங்கள். ஸ்விட்ச் திறக்கும் நேரத்தில் காயில் எதிர்த்திசையில் ஓங்கி ஒரு வோல்ட்டேஜ் உதைக்கும், அது நூற்றுக்கணக்கில்கூடப் போகும். டயோடு இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் லிமிட் ஸ்விட்ச் முனையில் பொறி பறந்து கருகும். சில ரிலேக்களில் டயோடு உள்ளேயே இருக்கும், மூடியில் படம் போட்டிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால் வெளியே வேண்டாம், ஆனால் 85, 86 மாறக் கூடாது.

இப்போது பஸ்ஸர். நேராகச் சிவப்போடு சேர்த்துக் கட்டிவிடலாம்தான். ஆனால் லோடு தட்டுகிற அஞ்சு பத்து நிமிஷமும் காதுக்குள் கத்திக்கொண்டிருந்தால் டிரைவர் ரெண்டாவது நாளே வயரைப் பிடுங்கிவிடுவார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் பிடுங்குவேன். வண்டி நிற்கும்போது சிவப்பு மட்டும் எரியட்டும், ஹேண்ட் பிரேக்கை எடுத்தால் மட்டும் பஸ்ஸர் கத்தட்டும். இதற்கு இன்னொரு ரிலே, இன்னொரு டிரான்சிஸ்டர் என்று ஆரம்பிக்கத் தோன்றும். வேண்டாம்.

பழைய மாதிரி டேஷ்போர்டில் ஹேண்ட் பிரேக் விளக்கின் ஒரு முனையில் பிளஸ் இருக்கும், மறுமுனையைப் பிரேக் ஸ்விட்ச் எர்த் பண்ணும். அந்த ஸ்விட்ச் வயரில் மீட்டரை வையுங்கள். பிரேக் போட்டிருந்தால் 0 வோல்ட். பிரேக் எடுத்தால், பல்பு வழியாகவே பேட்டரி வோல்ட்டேஜ் அந்த வயரில் வந்து நிற்கும். நமக்கு வேண்டியது அதுவேதான்! பஸ்ஸரின் பிளஸை அந்த வயரில் கொடுங்கள், மைனஸை 87ஏ-யில் கொடுங்கள். பிரேக் எடுத்திருந்து, தொட்டியும் மேலே இருந்தால் மட்டும் பஸ்ஸருக்கு இரண்டு பக்கமும் கிடைக்கும். 30-ஐ எர்த் பண்ணச் சொன்னது இதற்காகத்தான். பஸ்ஸர் 20, 30 மில்லி ஆம்பியர்தான் இழுக்க வேண்டும், பெரிய ஹாரன் மாதிரி எதையாவது கட்டினால் ஹேண்ட் பிரேக் விளக்கு தேவையில்லாமல் எரியும். பஸ்ஸர் கத்தும்போது அந்த வயரில் 20 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் டேஷ்போர்டில் பல்பு இல்லை, எல்இடி இருக்கிறது என்று அர்த்தம், இந்த வழி அங்கே சரிவராது. வண்டியின் ஈசியு (உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்) அந்த வயரைப் படிக்கிற புது மாடல்களிலும் தொட வேண்டாம். அங்கே பஸ்ஸருக்குத் தனி வழிதான்.

இங்கே ஒரு வம்பு இருக்கிறது. முதல் தடவை நான் இதைக் கட்டியபோது எல்லாம் சரியாக வேலை செய்தது, சாயங்காலம் வண்டியை ஓரம் கட்டி ஹேண்ட் பிரேக் போட்டதும் தொட்டி கீழே இருக்கும்போதே சிவப்பு மங்கலாக மினுங்கியது. ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்தேன், ரிலேயை மாற்றினேன், அரை மணி நேரம் தலையைச் சொறிந்தேன். அப்புறம்தான் பேப்பரில் வரைந்து பார்த்தேன்: பிளஸ் சிவப்பு விளக்குக்குள் போய், 87ஏ திறந்திருப்பதால் அங்கே இறங்க வழியில்லாமல், பஸ்ஸரின் மைனஸ் வழியாகத் தலைகீழாக நுழைந்து, பிளஸ் வழியாக வெளியே வந்து, ஹேண்ட் பிரேக் ஸ்விட்சில் எர்த் ஆகிறது. கொல்லைப்புற வழி! மருந்து இரண்டாவது டயோடு: பஸ்ஸர் மைனஸுக்கும் 87ஏ-க்கும் நடுவில், வெள்ளைக் கோடு 87ஏ பக்கம் இருக்கும்படி. பாகங்களைக் குறைத்து, இருக்கிற வயர்களையே பல வேலைக்குப் பயன்படுத்தும்போது இந்தக் கொல்லைப்புற வழிகள் கட்டாயம் வரும். ஒவ்வொரு ஸ்விட்சையும் திறந்தும் மூடியும் எல்லா நிலைக்கும் விரலால் கோட்டைத் தொடர்ந்து பாருங்கள். இங்கே இரண்டு ஸ்விட்ச், ஆக நாலு நிலைதான்.

எதிர்பாராமல் கிடைத்த லாபம் ஒன்றும் உண்டு. பஸ்ஸருக்குப் பிளஸ் வருவது டேஷ்போர்டு பியூஸிலிருந்து, நம்முடைய பியூஸிலிருந்து இல்லை. அதனால் நம் பியூஸ் போனால் இரண்டு விளக்கும் அணைந்து, பிரேக் எடுத்த உடனே பஸ்ஸர் கத்தும். இரண்டும் அணைந்து பஸ்ஸரும் பேசாமல் இருந்தால் எர்த் விட்டுப் போயிருக்கிறது, 30-ல் இருந்து போகிற எர்த் லக்கைப் பாருங்கள். டிரைவரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: "கிளம்பும்போது பச்சை எரியணும். எரியலன்னா இறங்கிப் பாருங்க." லோடு தட்டுகிற ஒவ்வொரு தடவையும் சிவப்பு எரிவதால் தினமும் தானாகவே டெஸ்ட்டும் ஆகிவிடும்.

ஸ்விட்ச்தான் முதலில் சாகும்

ஆனி ஆடியில் காவல்கிணறு, பணகுடிப் பக்கம் அடிக்கிற காற்றில் கிரஷர் புழுதி எந்த ஓட்டைக்குள்ளும் போகும், ஐப்பசி கார்த்திகையில் அதே புழுதி சேறாகும். ரோலர் வைத்த சாதாரண லிமிட் ஸ்விட்ச் எத்தனை மாசம் தாங்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கொஞ்சம் செலவு பண்ணலாம் என்றால் இரும்பைத் தொடாமலே உணர்கிற பிராக்ஸிமிட்டி சென்சார் போடுங்கள், பெரும்பாலானவை 10 முதல் 30 வோல்ட் வரை ஓடும், 200 மில்லி ஆம்பியர் வரை கொடுக்கும், ஆக ரிலே காயிலை நேராகவே இழுத்துவிடும். வாங்கும்போது பிஎன்பி, நார்மலி ஓப்பன் என்று கேட்டு வாங்குங்கள். பிஎன்பி பிளஸைக் கொடுக்கும், என்பிஎன் எர்த்தைக் கொடுக்கும்; நமக்கு எது வேண்டும் என்று மேலே பார்த்தாகிவிட்டது. பிரவுன் பிளஸ், நீலம் மைனஸ், கறுப்பு 86-க்கு. இதற்குக் காயில் டயோடு கட்டாயம், இல்லாவிட்டால் முதல் நாளே சென்சாரை அடித்துவிடும். சில மில்லிமீட்டர் இடைவெளியில்தான் இரும்பைப் பார்க்கும், அதனால் தொட்டி உட்காருகிற இடத்தில் ஆட்டம் இல்லாத பிராக்கெட்டில் வையுங்கள், தொட்டி வந்து மோதுகிற இடத்தில் வேண்டாம்.

கன்ட்ரோலர் போர்டு இருந்தே ஆக வேண்டும் என்றால்

சில பேருக்கு எத்தனை தடவை தூக்கினான் என்று கணக்கு வேண்டும், வேறு எதற்காவது போர்டு வேண்டும். வைக்கட்டும், ஆனால் அது பக்கத்தில் நின்று பார்க்கிற ஆளாக இருக்கட்டும், நடுவில் நிற்க வேண்டாம். போர்டு செத்தாலும் அலாரம் ஓட வேண்டும். 86-ல் இருந்து ஒரு வயர் எடுத்து, 3.3 கிலோ ஓம் அரை வாட் ரெசிஸ்டர் வழியாகப் பிசி817 ஆப்டோகப்ளரின் (வயர் தொடர்பு இல்லாமல் வெளிச்சத்தால் சேதி கடத்துகிற சிப்) எல்இடிக்குக் கொடுங்கள், எல்இடிக்கு எதிர்த்திசையில் ஒரு 1என்4148. 24 வோல்ட் வண்டியில் 8 மில்லி ஆம்பியர், 12 வோல்ட் வண்டியில் 4 மில்லி ஆம்பியர் வரும், இரண்டுக்கும் இதே ரெசிஸ்டர் போதும். மறுபக்கம் 10 கிலோ ஓம் புல்-அப் (போர்டு பின்னைப் பிளஸ் பக்கம் இழுத்து வைக்கிற ரெசிஸ்டர்).

12 வோல்ட் வண்டி, ஆப்டோவும் வேண்டாம் என்றால் 22 கிலோ ஓம் மேலே, 10 கிலோ ஓம் கீழே, கீழ் ரெசிஸ்டருக்கு இணையாக 5.1 வோல்ட் ஜீனர் (அதற்கு மேல் வோல்ட்டேஜை ஏறவிடாத டயோடு). 14.4 வோல்ட் வந்தால் போர்டின் பின்னில் 4.5 வோல்ட் விழும், லைனில் 40 வோல்ட் எகிறினாலும் ஜீனர் பிடித்துக்கொள்ளும். பலரும் போடுகிற 33 கிலோ ஓம் கணக்கில் 12 வோல்ட்டுக்கு 2.8 தான் வரும். 5 வோல்ட் ஏடிமெகா சிப் 3 வோல்ட்டுக்கு மேல்தான் நிச்சயமாக "ஆன்" என்று எடுத்துக்கொள்ளும். பேட்டரி கொஞ்சம் இறங்கினால் போர்டு கிறுக்குப் பிடித்த மாதிரி நடந்துகொள்வது இதனால்தான்.

போர்டு ரிலேயை இழுக்க வேண்டுமென்றால் பிசி547 டிரான்சிஸ்டர் போடாதீர்கள். அது 100 மில்லி ஆம்பியர் சரக்கு, 12 வோல்ட் வண்டி ரிலே 150 கேட்கும். கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் வெயிலில் போகும். பிசி337, இல்லை ஐஆர்எல்இசட்44என் மாஸ்பெட். பெயரில் "எல்" இருக்கிறதா என்று பாருங்கள், ஐஆர்எப்இசட்44என் 5 வோல்ட்டில் முழுசாகத் திறக்காது, சூடாகிக்கொண்டே இருக்கும்.

கை வைக்காத இடம்

ஏர்பேக் வயரிங்கில், அந்த மஞ்சள் கனெக்டரில், நான் மீட்டர் முனையைக்கூட வைக்க மாட்டேன். ஓம் பார்க்கிற மீட்டர் அனுப்புகிற கரண்டே வம்பு. ஏபிஎஸ் சென்சார் வயரும் அப்படித்தான். 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் சீட் பெல்ட் எச்சரிக்கை, 80-லும் 120-லும் கத்துகிற வேக எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் எல்லாம் கட்டாயம். அதெல்லாம் கம்பெனி ஈசியு வழியாக ஓடுவது, "இந்தச் சத்தத்தை நிப்பாட்டுப்பா" என்று வருகிறவர்களை டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

டிப்பர்காரர்களுக்கு இன்னொன்று: தொட்டியில் விரிசல் விட்டு வெல்டிங் வைக்கப் போனால், முதலில் பேட்டரி லக் இரண்டையும் கழற்றுங்கள், வெல்டிங் எர்த்தை வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கவ்வுங்கள். அந்த ஒரு சங்கதியைச் செய்யாமல் செத்த சென்சார்கள் என் மேஜை டிராயரில் கிடக்கின்றன.

அண்ணாச்சி வண்டி மத்தியானம் மூன்று மணிக்கு வெளியே போனது. கழற்றின போர்டை என்ன செய்ய என்று கேட்டதற்கு "நீயே வச்சுக்கலே, இனி அத எங்க கொண்டு போய்ப் போட" என்றார். அதில் பெட்டி மட்டும் நல்ல பெட்டி, ரப்பர் வாஷரோடு. புது ரிலேயை அதற்குள்ளேயே உட்கார வைத்து, வயர் நுழைகிற ஓட்டை கீழே பார்த்தபடி மாட்டி அனுப்பினேன், தண்ணீர் வயரோடு ஒழுகி வந்தாலும் உள்ளே ஏறாமல் சொட்டிவிடும்.